பணம் கட்டியும் படம் தெரியாதது ஏன்?

சத்தம் கேட்கிறது. கீழே மொழிபெயர்ப்பு எழுத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. உருவத்தை மட்டும் காணோம். திரை முழுவதும் கறுப்பு. கையடக்கத் தொலைபேசியிலோ மடிக்கணினியிலோ அழகாக ஓடிக்கொண்டிருந்த படம், ஒரு கேபிளை எடுத்து வீட்டு ரீ.வி.யில் செருகியதும் இப்படி ஆகிவிடுகிறது. அதே கேபிளில் யூரியூப் தெரிகிறது. கல்யாண வீட்டுப் புகைப்படங்கள் தெரிகின்றன. மாதா மாதம் காசு கட்டிப் பார்க்கும் படம்தான் தெரியவில்லை.

இதற்குப் பிறகு வீட்டில் நடப்பது வாசகர்கள் அறிந்ததுதான். முதற்பழி கேபிளின் மீது. கடைக்குப் போய் கொஞ்சம் விலை கூடிய ஒன்று வாங்கி வரப்படும். அதுவும் சரிவராவிட்டால் ரீ.வி.யின் மீது பழி விழும். திருத்துபவர் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்து 'போர்ட்' பழுது என்பார். அந்தப் போர்ட்டையும் மாற்றிவிட்டு, மீண்டும் அதே கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் கேபிளும் பழுதில்லை, ரீ.வி.யும் பழுதில்லை. இரண்டும் தமக்கு இடப்பட்ட கட்டளையைச் சரியாகவே நிறைவேற்றியுள்ளன. "எதிரில் இருப்பவன் யாரென்று உறுதியாகும் வரை படத்தைக் கொடுக்காதே" என்பதே அக்கட்டளை.

இக்கட்டளைக்கு எச்.டி.சி.பி. என்று பெயர். படம் கருவியிலிருந்து ரீ.வி.க்குப் போகும் வழியில் யாரும் அதைப் பிரதி எடுத்துவிடாமல் இருக்க, அமெரிக்காவின் இன்டெல் கம்பனி 2000ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பூட்டு இது. இன்று எச்.டி.எம்.ஐ. துவாரம் உள்ள ரீ.வி. எதை எடுத்தாலும் அநேகமாக உள்ளே இந்தப் பூட்டு இருக்கும். ஆனால் அட்டைப் பெட்டியில் இதைப் பெரிதாக எழுதி விற்கும் வழக்கம் இல்லை. ஆகவே வாங்குபவருக்கும் தெரியாது, பல இடங்களில் விற்பவருக்கும் தெரியாது.

ஒரு பழைய பயம்

படக் கம்பனிகளின் இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. 1975ஆம் ஆண்டு சோனி கம்பனி 'பீட்டாமக்ஸ்' என்ற வீட்டு வீடியோப் பதிவுக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே யுனிவர்சல், டிஸ்னி ஆகிய இரு கம்பனிகளும் சோனியை நீதிமன்றத்துக்கு இழுத்தன. எட்டு வருடங்கள் இழுபட்ட அவ்வழக்கில் 1984 ஜனவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வழங்கியது. தொலைக்காட்சியில் வருவதைப் பதிவுசெய்து வைத்து, வசதியான நேரத்தில் பார்ப்பது குற்றமாகாது என்பது தீர்ப்பு. நீதிமன்றத்தில் கிடைக்காததை இயந்திரத்துக்குள் வைத்துத் தேடும் காலம் அதன் பின்னர்தான் சூடுபிடித்தது.

முதலில் வந்தது 'மக்ரோவிஷன்'. வீடியோ கசட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் திரையில் தெரியாத சில வரிகள் உண்டு. அந்த வரிகளில் அளவுக்கு மீறிய வெளிச்சத் துடிப்புகளைப் புகுத்தினார்கள். ரீ.வி. அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் 'டெக்' தனக்கு வரும் சமிக்ஞையின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. அந்தத் துடிப்பைக் கண்டதும் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், பிறகு வெளிச்சமாக்கும், மறுபடி இருட்டாக்கும். இவ்வாறு எடுத்த பிரதியைப் பார்க்க முடியாது.

நல்ல உபாயம்தான். வினை வந்தது வேறு இடத்தில். டி.வி.டி. வந்த காலத்தில் பல வீடுகளில் இருந்தது அன்டெனா துவாரம் மாத்திரம் உள்ள பழைய ரீ.வி. டி.வி.டி. கருவியை அதில் நேரடியாகச் செருக வழியில்லை. எனவே டி.வி.டி.யை டெக்கில் கொடுத்து, டெக்கிலிருந்து ரீ.வி.க்குக் கொடுத்தார்கள். பிரதி எடுக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் டெக்குக்கு எண்ணம் தெரியுமா? படம் இருளவும் வெளுக்கவும் தொடங்கிவிடும். கண் வலிக்கிறது என்று பெரியவர்கள் எழுந்து போனதுதான் மிச்சம். பூட்டை நீக்கி எடுக்கப்பட்ட கள்ளப் பிரதியில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. காசு கொடுத்து அசலை வாங்கியவருக்கே தண்டனை என்ற இந்த விசித்திரம் அன்று தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

டி.வி.டி.யில் இன்னொரு பூட்டும் இருந்தது. உலகத்தை வலயங்களாகப் பிரித்திருந்தார்கள். மத்திய கிழக்கு இரண்டாம் வலயம். இலங்கை, இந்தியா எல்லாம் ஐந்தாம் வலயம். சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ மகன் அனுப்பிய கருவியில் இங்கு விற்கும் அசல் தட்டு ஓடாமற்போகலாம். விமான நிலையத்தில் வரி கட்டிக் கொண்டுவந்த சாமானுக்கு வலயம் என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

தட்டின் உள்ளடக்கத்தை மறைத்து வைத்த இரகசியக் குறியீட்டை 1999 ஒக்டோபரில் வெளியான 'டி.சி.எஸ்.எஸ்.' என்ற சிறு மென்பொருள் திறந்துவிட்டது. அதனோடு சம்பந்தப்பட்டவர்களுள் யோன் லெக் யொஹான்சன் என்ற நோர்வே நாட்டுப் பையனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினைந்து. காசு கொடுத்து வாங்கிய தட்டைத் தமது கணினியில் பார்க்க வேறு வழி இருக்கவில்லை என்பது அவர் தரப்பு நியாயம். 2003 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அரச தரப்பு மேன்முறையீடு செய்தும் அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி விடுதலையானார்.

கேபிளுக்குள் நடக்கும் விசாரணை

இனி எச்.டி.சி.பி.க்கு வருவோம். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். விளங்கிக்கொண்டால் வீட்டிலே பாதிச் சண்டை குறையும்.

படத்தை அனுப்பும் கருவியும் அதைப் பெறும் ரீ.வி.யும் எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைக்கப்பட்டவுடன் ஒன்றையொன்று விசாரிக்கின்றன. பழைய எச்.டி.சி.பி. முறையில் ஒவ்வொரு கருவிக்குள்ளும் நாற்பது இரகசிய எண்கள் வைக்கப்பட்டிருக்கும். அத்தோடு எல்லோருக்கும் காட்டக்கூடிய ஓர் அடையாள எண்ணும் உண்டு. அந்த அடையாள எண்ணில் நாற்பது இடங்கள். அவற்றில் இருபது இடத்தில் ஒன்று, இருபது இடத்தில் பூச்சியம். ரீ.வி. தன் அடையாள எண்ணைக் காட்டும். அதில் எங்கெங்கு ஒன்று இருக்கிறதோ, அந்த இடத்துக்குரிய தன் இரகசிய எண்களை மட்டும் எடுத்துக் கூட்டி ஒரு விடை காணும் படக் கருவி. மறுபக்கத்தில் ரீ.வி.யும் படக் கருவியின் அடையாள எண்ணைப் பார்த்து அவ்வாறே தன் எண்களைக் கூட்டும். இரண்டும் முறையான கருவிகளாயின் இரு விடையும் ஒன்றாகவே வரும். அந்த விடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதை வைத்துப் படம் குழப்பி அனுப்பப்படுகிறது. அதே விடையை அறிந்த ரீ.வி. அதை ஒழுங்குபடுத்திக் காட்டுகிறது.

ஒருமுறை விசாரித்ததோடு விட்டுவிடுவதுமில்லை. ஏறத்தாழ இரண்டு செக்கனுக்கு ஒருதரம் மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கேபிள் சற்றுத் தளர்ந்திருந்தாலோ, கேபிளின் நீளம் கூடிச் சமிக்ஞை பலவீனமானாலோ கணக்குப் பிசகிவிடும். அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென வெட்டி வெட்டித் தெரிவதும், நிறநிறமான புள்ளிகள் மழைபோல் பொழிவதும், பிறகு தானாகவே சரியாவதும் நடக்கின்றன. 'ரீ.வி.க்குப் பேய் பிடித்துவிட்டது' என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பேயுமில்லை, ஒன்றுமில்லை. விசாரணையில் ஒரு கேள்விக்குப் பதில் தாமதமாகிவிட்டது, அவ்வளவே.

பாடசாலையில் சமன்பாடு படித்தவர்களுக்கு இம்முறையின் பலவீனம் இதற்குள் பட்டிருக்கும். கூட்டல் மட்டும்தானே நடக்கிறது? போதிய சமன்பாடுகள் கிடைத்தால் தெரியாத எண்களைக் கண்டுபிடித்துவிடலாமே! நாற்பது கருவிகள் அளவில் அவற்றின் இரகசிய எண்கள் கைக்கு வந்தால், எல்லாவற்றுக்கும் மூலமான சாவியையே கணக்கிட்டுவிடலாம் என்று 2001இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீல்ஸ் ஃபெர்கசன் என்ற டச்சு நாட்டு நிபுணரும் தாம் இதை உடைத்துவிட்டதாக அதே ஆண்டில் அறிவித்தார். ஆனால் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அஞ்சி விவரங்களை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். 2010 செப்டெம்பரில் யாரோ மூலச் சாவியையே இணையத்தில் போட்டுவிட்டார்கள். அது உண்மையான சாவிதான் என்று இன்டெல் கம்பனியும் ஒப்புக்கொண்டது.

சாவி சந்திக்கு வந்த பிறகு பூட்டைக் கழற்றிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. பூட்டு அப்படியே இருக்கிறது. கருவி செய்பவர்கள் அதற்கு உரிமக் கட்டணம் கட்டுகிறார்கள். நம் வீட்டு ரீ.வி. இன்றும் அந்த விசாரணையைச் செய்துகொண்டிருக்கிறது.

மேலும் பலமான புதிய பூட்டு ஒன்றையும் செய்தார்கள். எச்.டி.சி.பி. 2.2 என்பது அது. கணிதம் முற்றிலும் வேறு. பழைய பூட்டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. நான்கு மடங்கு தெளிவுள்ள 'ஃபோர் கே' படங்களுக்கு இதுதான் வேண்டும் என்று படக் கம்பனிகள் வற்புறுத்தின. இதில் அதிகம் நொந்தவர்கள், 2012, 2013ஆம் ஆண்டுகளில் பெருந்தொகை கொடுத்து முதன்முதல் ஃபோர் கே ரீ.வி. வாங்கியவர்கள். அவற்றுட் பலவற்றில் புதிய பூட்டு இல்லை. அது சிப்பில் இருக்க வேண்டிய விடயமாதலால் மென்பொருள் மாற்றத்தால் மட்டும் தீர்வதுமில்லை. திரையில் அத்தனை புள்ளிகளும் இருக்கின்றன, காட்டும் வல்லமையும் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. பின்னர் வந்த சில ரீ.வி.களிலும் நான்கு துவாரத்தில் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் 2.2 இருந்தது. ஒரு துவாரத்தில் மங்கலாகத் தெரியும் படம் பக்கத்துத் துவாரத்தில் தெளிவாகத் தெரிவதன் மர்மம் இதுதான். ரீ.வி.யின் பின்புறம் துவாரத்தின் அருகே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் காணலாம்.

ரீ.வி.க்கும் படக் கருவிக்கும் நடுவில் ஒலிப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். சங்கிலியில் ஒரு கண்ணி பழையதானாலும் முழுச் சங்கிலியும் பழையதாகவே கணிக்கப்படும். கருவியும் புதிது, ரீ.வி.யும் புதிது, நடுவில் உள்ள ஒலிப்பெருக்கி பத்து வருடப் பழசு என்றால் படம் தரம் குறைந்து வரும், அல்லது வராது. இதற்காகப் புது ஒலிப்பெருக்கி வாங்க ஓடத் தேவையில்லை. படக் கருவியை நேரே ரீ.வி.யில் செருகி, சத்தத்தை மட்டும் ரீ.வி.யிலிருந்து ஒலிப்பெருக்கிக்கு எடுத்தால் போதும்.

எமது அரபுக் கல்லூரி மண்டபத்தில் ஒரு மாலை கடலடி உயிரினங்கள் பற்றிய விவரணப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. முறைப்படி சந்தா கட்டிப் பெற்ற படம். திரையில் படம் வீழ்த்தும் 'புரொஜெக்டர்' பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்புச் செய்தது. அதில் நீல நிறப் பழைய துவாரம் மட்டும் உண்டு. மடிக்கணினிக்கும் அதற்கும் நடுவில் சிறியதொரு மாற்றி. அலைச் சத்தம் கேட்டது, வர்ணனையாளர் பேசினார், திரை கறுப்பு. "ஹஸ்ரத், சரியான ஆழத்துக்குப் போய்ட்டாங்க போல, வெளிச்சமே இல்ல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கடைசியில் விடுதிப் பொறுப்பாளர் அறையிலிருந்த முப்பத்திரண்டு அங்குல ரீ.வி.யைத் தூக்கிவந்து, அறுபது பேர் அதைச் சுற்றி நெருக்கியடித்துப் பார்த்தோம். பின்னால் இருந்தவர்கள் வாங்குகளின் மேல் ஏறி நின்றார்கள்.

நீலத் துவாரம் பழைய காலத்து அனலொக் முறை. அதில் எந்தப் பூட்டுக்கும் இடமில்லை. பூட்டில்லாத கதவு இருக்கும் வீட்டுக்குப் பொருளை அனுப்பமாட்டேன் என்கிறது கணினி. 2008இல் அப்பிள் கம்பனியின் புதிய மடிக்கணினிகள் வெளிவந்தபோதும் இதுவே நடந்தது. அக்கம்பனியின் கடையிலேயே காசு கொடுத்து வாங்கிய படங்கள் பழைய புரொஜெக்டரிலும் திரைகளிலும் ஓட மறுத்தன. கூக்குரல் எழுந்த பின், சாதாரணத் தரத்திலுள்ள படங்களுக்கு மட்டும் மென்பொருள் மூலம் தளர்வு கொடுத்தார்கள்.

தொலைபேசிக்குள் ஒரு தனியறை

நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் இலங்கைக்கும் வந்த பின்னர், இங்கு பலருக்குப் படக் கருவி என்பது கையிலுள்ள தொலைபேசிதான். ஆரம்பத்தில் சொன்ன கறுப்புத் திரை அதிகம் தோன்றுவதும் இங்கேதான். காரணம் இது. பூட்டிய படம் தொலைபேசியின் சிப்புக்குள் தனியறை போன்ற ஓரிடத்தில் திறக்கப்படுகிறது. மற்ற மென்பொருள்கள் அங்கே எட்டிப்பார்க்க முடியாது. மொழிபெயர்ப்பு எழுத்துகளும் பொத்தான்களும் வெளியே சாதாரண இடத்தில் வரையப்படுகின்றன. இரண்டும் திரைக்கு வரும் கடைசிக் கட்டத்தில்தான் ஒன்றாகச் சேர்கின்றன. வெளியே போகும் வழி நம்பத்தகாதது எனக் கண்டால், தனியறையிலிருந்து வருவது மட்டும் கறுப்பாக்கப்படும். எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்.

சந்தையில் மலிவாக விற்கும் மாற்றிகளிற் சிலவற்றிலும், தொலைபேசித் திரையைக் கம்பியின்றி அப்படியே ரீ.வி.யில் காட்டும் சிறு கருவிகளிற் பலவற்றிலும் எச்.டி.சி.பி. கிடையாது. அதனால்தான் அவை மலிவு என்றும் சொல்லலாம். இதற்கு மாறாக, தொலைபேசியிலிருந்து "இன்ன படத்தைப் போடு" என்று ரீ.வி.க்கோ அதில் செருகிய பெட்டிக்கோ சொல்லி அனுப்பும் முறை ஒன்றுண்டு. அப்போது படம் தொலைபேசி வழியாகப் போவதில்லை. பெட்டி தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. திரையைப் பிரதிபலிக்கும் முறை தோற்கும் இடத்தில் இது பெரும்பாலும் வெல்லும். வீட்டில் உள்ளவர்கள் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புவதே வழமை.

தனியறையிலும் தரம் உண்டு. கூகிள் கம்பனியின் 'வைட்வைன்' என்ற பூட்டில் முதலாந் தரம் சிப்புக்குள் இருப்பது, மூன்றாந் தரம் வெறும் மென்பொருள். மூன்றாந் தரக் கருவிக்கு நெட்பிளிக்ஸ் போன்றவை தெளிவு குறைந்த படத்தையே அனுப்பும். எவ்வளவு கூடிய சந்தா கட்டினாலும் அப்படித்தான். 2017இல் வந்த 'வன்பிளஸ் 5' உயர்ரகத் தொலைபேசியாக இருந்தும் முதலாந் தரம் இல்லாமல் வெளிவந்தது. பின்னர் அதைச் சரிசெய்ய, தொலைபேசியைக் கம்பனிக்குத் தபாலில் அனுப்பும்படி பாவனையாளர்களிடம் கேட்கவேண்டி வந்தது. பெயர் தெரியாத அன்ட்ரொயிட் பெட்டிகளை 'ஃபோர் கே' என்று கொட்டை எழுத்தில் விற்கிறார்களே, அவற்றை வாங்குமுன் கடைக்காரரிடம் வைட்வைன் எத்தனையாம் தரம் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறதோ இல்லையோ, அவருடைய முகத்திலிருந்து விளங்கிவிடும்.

பூட்டை நீக்கித் தரும் பெட்டிகளும் இரகசியமாக விலைபோகின்றன. ஒரு துவாரத்தில் வந்த படத்தை இரண்டாகப் பிரிக்கும் கருவி என்ற பெயரில் அவை வரும். நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பிரதித் தடையை முறியடிக்கவென்று செய்த கருவிகளை விற்பனைக்காக உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது என்பதை வியாபாரிகள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஒருவரின் உழைப்பைக் களவாடுவதை நாம் ஒருபோதும் ஆதரிக்க முடியாது. ஆனால் விலையைக் கொடுத்தவர் தன் வீட்டுத் திரையில் பார்ப்பது களவாகாது. இந்த வித்தியாசம் அந்த இயந்திரத்துக்கு விளங்குவதில்லை. விளங்க வைக்கவேண்டிய கம்பனிகளுக்கோ அவசரமில்லை. பாவனையாளர் முறையிடப் போனால் ரீ.வி. கம்பனி படச் சேவையைக் கைகாட்டும். படச் சேவை கேபிளைக் கைகாட்டும். கேபிள் விற்றவர், "நாங்க திறந்த சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்" என்பார்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியவை சொற்பமே. எல்லாவற்றையும் நிறுத்தி, சுவரிலிருந்து ப்ளக்கையும் கழற்றி, ஓரிரு நிமிடம் கழித்து முதலில் ரீ.வி.யையும் அடுத்துப் படக் கருவியையும் போட்டால் விசாரணை புதிதாகத் தொடங்கும். பல தடவை அதுவே போதும். நடுவிலுள்ள மாற்றி, பிரிப்பான், ஒலிப்பெருக்கி எல்லாவற்றையும் அகற்றி ஒரே கேபிளில் நேரடியாக இணைத்துப் பார்க்கலாம். வேறு துவாரத்திலும் செருகிப் பார்க்கலாம். இத்தனைக்குப் பிறகும் படம் வராமல், யூரியூப் மட்டும் வந்தால் ரீ.வி.யைக் கழற்ற யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

ரீ.வி.க்குள்ளேயே அந்தச் செயலி இருந்தால் கேபிள் விசாரணைக்கே வேலையில்லை. பூட்டைத் திறப்பதும் காட்டுவதும் ஒரே பெட்டி. ஆயினும் அதற்கும் ஆயுள் உண்டு. 2010, 2011ஆம் ஆண்டுகளில் வெளிவந்த சில சாம்சங் ரீ.வி.களில் 2019 டிசம்பர் முதல் நெட்பிளிக்ஸ் நின்றுபோனது. திரையும் நன்றாகவே இருந்தது, இணையமும் இருந்தது. நம் ஊர்களில் பழைய ரீ.வி.களைக் கைமாற்றாக வாங்குவோர் அதிகம். வாங்குமுன் அந்தச் செயலியை விற்பவர் முன்னிலையிலேயே திறந்து, ஒரு படத்தைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.